பெயர் கொடுக்கும் சனிக்கிழமை

என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டுத்தாள் இருக்கிறது. தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்தது. அதன் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே இருப்பது என் அக்காவின் பெயர். கீழே இருப்பது என்னுடையது. பட்டமும் இல்லை, தலைப்பெழுத்தும் இல்லை, ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மட்டும். தன் பெயரை அவள் மெலிதாக எழுதியிருக்கிறாள். என் பெயருக்கு வந்தபோது பென்சிலை அழுத்தியிருக்கிறாள். தாளைத் திருப்பித் தடவினால் விரலில் தட்டுப்படும். அவளை அடக்கம் செய்த எட்டாம் நாள், அவளுடைய வேதப்புத்தகத்தின் துணியுறைக்குள் இது கிடைத்தது. எதற்காக எழுதினாள் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை.

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத் தோட்டத்தின் நடுவில் இருந்த எங்கள் சிறு கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை நாள். முந்தைய சனிக்கிழமை மாலையில் ஆயத்த ஆராதனை நடக்கும். மறுநாள் நற்கருணைப் பந்திக்கு வர விரும்புகிறவர்கள் அன்று கோயில் வாசலில் நோட்டுடன் உட்கார்ந்திருக்கும் உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் சீட்டில் எழுதித் தருவார்கள். மற்றவர்கள் வாயால் சொல்வார்கள். சீட்டை வாங்குமுன் உபதேசியார் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யாரோடயும் மனஸ்தாபம் உண்டுமா?" இல்லையென்றால் பெயர் நோட்டில் ஏறும். உண்டென்றால் ஏறாது. யாரோடு என்று விசாரித்து, அந்த ஆள் தோட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும் கூப்பிட்டனுப்புவார். இருவரும் அவர் முன்னால் வலது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தவறு செய்தவர் பொறுத்துக்கொள் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அதன்பின் இரண்டு பெயர்களையும் ஒரே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வார். குழாயடிச் சண்டையும் கோழித் திருட்டும் அந்த வாசலில் முடிந்ததைச் சிறுவயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் இந்த வழக்கத்தைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுதினேன். தோட்டத் தொழிலாளரிடையே நிலவிய சமூகக் கட்டுப்பாட்டு முறை என்று அதில் வகைப்படுத்தினேன். கட்டுரை பாராட்டப்பட்டது.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பாமீது மரம் சாய்ந்தபோது எனக்கு நான்கு வயது. இரண்டு ஆண்டில் அம்மாவும் போனாள். பதினாறு வயதில் அக்கா தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்தாள். ஏலச் செடியில் காய் மேலே தொங்குவதில்லை. தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோடு படரும் சரத்தில் இருக்கும். பறிக்கிறவர்கள் நாள் முழுதும் ஈரத்தில் குத்தவைத்தே நகர வேண்டும். நாற்பது வயதுக்குள் அவளுடைய முழங்கால்கள் கெட்டுப்போயின. அந்த வேலையைக் கொண்டு என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள். பின்பு சமவெளியில் கல்லூரிக்கு அனுப்பினாள். நான் பாலக்காட்டில் வரலாற்றுப் பேராசிரியரானேன், அங்கேயே மணந்தேன். அவள் மணக்கவில்லை. விடுமுறைக்கு நான் மலையேறுவது ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று.

அக்கா ஓய்வு பெற்ற பிறகும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தெரிந்த குடும்பத்தோடு ஓர் அறையில் இருந்துவந்தாள். தோட்டம் கைமாறியதும் வடக்கேயிருந்து வரும் தொழிலாளர்களுக்கு இடம் வேண்டுமென்று அந்த அறையையும் கேட்டுவிட்டார்கள். அப்போது அவளுக்கு எழுபத்து நான்கு வயது. நானும் அதற்குள் ஓய்வு பெற்று, மனைவியை இழந்து, அவள் விட்டுப்போன மாந்தோப்பில் கோவிந்தாபுரத்துக்கு அருகே தனியே இருந்தேன். அக்கா ஒரு தகரப்பெட்டியுடனும் எங்கள் கோயில் கொடுத்த சபை மாற்றுக் கடிதத்துடனும் வந்து இறங்கினாள். வந்த முதல் சனிக்கிழமையே கேட்டாள்: "இங்கன நம்ம கோயில் எங்கலே இருக்கு?" நம்ம கோயில் என்றால் எது, அதே பிரிவா, தமிழ் ஆராதனையா என்று நான் வகைபிரித்துக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பேரு கேக்குத கோயிலு." சாவதற்குள் ஒருமுறையாவது முறைப்படி பெயர் கொடுத்துப் பந்திக்குப் போக வேண்டும் என்றாள். என்னிடம் அவள் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான். அதை ஒரு கிழவியின் பழக்கதோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் கொல்லங்கோட்டுச் சாலையில் இருந்த மலையாள ஆலயத்துக்குப் போனோம். ஆராதனை ஒழுங்கு ஏறத்தாழ நம்முடையதுதான் என்று காரில் விளக்கினேன். ஆராதனை முடிந்ததும் அவள் வாசலில் நின்றவரிடம் சீட்டை நீட்டினாள். காணிக்கைக் கவர் என்று நினைத்து அவர் தட்டில் போட்டுவிட்டார். அடுத்தது தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம். ஒலிபெருக்கியின் இரைச்சலில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கம்மலைக் கழற்றி, ஆற்றில் முழுகி, மறுபடி ஞானஸ்நானம் பெற்றால் மட்டுமே பந்தி என்றார் அங்கிருந்தவர். குழந்தையில் பெற்றது போதாதா என்று அக்கா கேட்டாள். அது செல்லாதும்மா என்றார். திரும்பும்போது அவள் சிரித்தாள். "அவுக அப்பன் ஆத்தாள நம்பமாட்டேங்காக போல" என்றாள். அவள் சிரித்து நான் கேட்டவற்றில் அது கடைசிச் சிரிப்பாக இருக்கலாம்.

மூன்றாவதாக, சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த சிறு ஊரில் ஒரு கோயிலைக் கண்டோம். அதே பாட்டுகள், அதே ஜெபங்கள், அதே ஒழுங்கு. மாற்றுக் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். என் படிப்பை மதித்து முன்வரிசையில் இடம் தந்தார்கள். ஆறே மாதத்தில் செயற்குழுவில் சேர்த்தார்கள். ஆனால் அங்கே பெயர் கேட்கும் வழக்கம் இல்லை. முதல் ஞாயிற்றுக்கு முந்தைய நாள் அக்கா கொடுத்த சீட்டை இளம் போதகர் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் இப்ப யாருமே பார்க்கறதில்லீங்கம்மா. நீங்க பாட்டுக்கு வாங்க" என்றார். அவள் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். மறுநாள் பந்திக்கு எல்லோரும் வரிசையாக எழுந்து போனபோது அவள் மட்டும் வெள்ளைச் சேலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் வாங்கி வந்தேன். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

பந்தியில் சேராமல் உட்கார்ந்திருப்பவர் சபையால் விலக்கி வைக்கப்பட்டவர் என்பதே பழைய வழக்கம் அறிந்தவர்களின் எண்ணம். பெண்கள் முதலில் தங்களுக்குள் பேசினார்கள், பிறகு என் காதுபடவே பேசினார்கள். "மலையில என்னமோ நடந்திருக்குமாட்டத் தெரியுது. இல்லாட்டி கண்ணாலமாகாத பொம்பள எதுக்குங்க ஒக்காந்தே இருக்கோணும்?" என்றாள் ஒருத்தி. செயற்குழுவில் மூத்தவர் என்னைத் தனியே அழைத்து, "ஏனுங்க சார், அக்காவுக்கு ஏதாச்சும் தடை போட்டிருக்காங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்காக அல்ல, எனக்காக.

அன்று மதியச் சாப்பாட்டில் அவளைக் கண்டித்தேன். உன் வீம்பினால் என் மரியாதை போகிறது, ஊர் வாயை மூட ஒரு துண்டு அப்பத்தை வாங்கினால் என்ன என்றேன். பேர் கொடுக்காமல் எப்படிலே போவது என்றாள். அப்போது நான் செய்ததைக் குறைக்காமல் எழுத வேண்டும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்து, உபதேசியாரின் குரலை நடித்துக் கேட்டேன்: "யாரோடயும் மனஸ்தாபம் உண்டுமா?"

அவள் கை சோற்றில் இருந்தது. எடுக்கவில்லை. "உண்டு" என்றாள். யாரோடு என்றேன், அப்போதும் அந்தக் குரலிலேயே.

"ஒங்கூடத்தாம்லே."

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தைய கதை அது. அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. சின்னக்கானல் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர், குழந்தையில்லாமல் மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டு வந்தார். உபதேசியார் நடுநின்று பேசி முடித்தார். மணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்பது அதன் பெயர். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். அக்காவுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கு முன் போதகருக்கு ஒரு கடிதம் வந்தது. மணமகன் கத்தோலிக்கராகப் பிறந்தவர், நம் சபையில் உறுப்பினராகத் திடப்படுத்தல் பெறாதவர், நம் விசுவாசத்தை அவர் ஒப்புக்கொண்டதற்குச் சான்று இல்லை என்று நல்ல தமிழில் எழுதிய கடிதம். சபையின் உறுப்பினர் ஒருவர் என்று கையொப்பம். ஓலை நின்றது. மூப்பர்கள் அந்த மனிதரை வரவழைத்து, ஒரு பிற்பகல் முழுக்க நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். அன்று சின்னக்கானலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் அக்காவை 'ரெண்டோலைக்காரி' என்று கூப்பிட்டார்கள். அவள் முடி நரைத்த பிறகும், அந்தப் பெயர் எதனால் வந்ததென்று அறியாத சிறுபிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கடிதம் எழுதியவன் நான். முதுகலை முதலாண்டில் இருந்தேன். அவள் மணந்துகொண்டால் என் படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். விசுவாச வேறுபாடு எனக்குக் கைக்கு எட்டிய ஆயுதம். அந்த மனிதர் எந்தச் சபையில் பிறந்தார் என்பதில் எனக்கு அன்றும் அக்கறை இருந்ததில்லை.

அவளுக்கு இது தெரியாது என்றுதான் இத்தனை ஆண்டும் இருந்தேன். தெரியாமல்தான் இருந்திருக்கிறது. மாதாமாதம் உபதேசியாரிடம் மனஸ்தாபம் இல்லை என்று அவள் சொன்னதெல்லாம் உண்மை. மாற்றுக் கடிதம் வாங்கப் போன அன்று, கோயிலில் எழுத்துவேலை பார்க்கும் பையன் அவளுடைய ஞானஸ்நானத் தேதிக்காகப் பழைய கட்டைப் பிரித்திருக்கிறான். பாட்டி, உங்க பேர்ல ஒரு தடைக் கடிதம் இருக்கே என்று வேடிக்கையாக எடுத்துக் காட்டியிருக்கிறான். "ஒங்கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீ போட்ட காயிதம் அம்புட்டயும் பெட்டியில வச்சிருக்கேன்லா" என்றாள். கடிதத்தை என்ன செய்தாய் என்று நான் கேட்டேன். என் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்தது. "இருந்த எடத்துலயே வையின்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

வந்த அன்றே ஏன் கேட்கவில்லை என்றேன். "ஒன் சோத்தத் தின்னுக்கிட்டு நான் எப்படிலே கேப்பேன்? கோயிலு கேக்கும்னு இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் தேடியது அந்தக் கேள்வியைக் கேட்கும் ஓர் ஆளை. தன் பதிலைக் கேட்டு என்னைக் கூப்பிட்டனுப்பும் ஓர் ஆளை. அதற்கு வேறு எவரும் தேவையிருக்கவில்லை. மேசையின் இந்தப் பக்கம் நான் இருந்தேன், அந்தப் பக்கம் அவள் இருந்தாள். ஒரு சொல் போதும். நான் அவளுக்குச் சபைச் சட்டத்தை விளக்கினேன். அந்தக் காலத்தில் வெவ்வேறு பிரிவினரின் மணத்துக்கு நடைமுறை என்ன, தடை தெரிவிப்பது உறுப்பினரின் கடமை என்று ஏன் கருதப்பட்டது என்றெல்லாம் ஒரு வகுப்பு அளவுக்குப் பேசினேன். அவள் முடியும்வரை கேட்டாள். "சரிலே தம்பி" என்று சொல்லி எழுந்து என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பின் ஒருமுறை மட்டும், சாந்தன்பாறைக்கு ஒரு நடை கூட்டிப்போவாயா என்று கேட்டாள். அங்கே இன்னும் பெயர் கேட்கிறார்கள். மலைப்பாதை உன் மூச்சுக்கு ஆகாது என்றேன். மருத்துவரைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் போகலாம் என்றுகூடச் சொல்லியிருப்பார். அவள் மாதந்தோறும் வெள்ளைச் சேலை கட்டி என்னுடன் வந்தாள், உட்கார்ந்தாள், நான் எழுந்து போய்த் திரும்பி வருவதைப் பார்த்தாள். ஊரார் அவளைப் பற்றிப் பேசினார்கள். நான் அவர்களைத் திருத்தவில்லை. மூத்தவர் மறுபடி கேட்டபோது, பழைய விஷயம், விட்டுவிடுங்கள் என்றேன். அந்தப் பதிலை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் படுத்தாள். முன்கூட்டிச் சொல்லியிருந்தபடி ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் நோயாளிகளுக்கான சிறு நற்கருணைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நான்கைந்து பெண்களும் வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். போதகர் அப்பத்தைத் திராட்சை ரசத்தில் நனைத்து, கரண்டியில் எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். போதகரும் என்னைப் பார்த்தார். அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். நான் சொல்ல வேண்டிய சொல் எதுவென்று இரண்டு பேருக்குத் தெரியும்.

"அக்காவால முழுங்க முடியாது" என்றேன்.

போதகர் தலையசைத்து, கரண்டியில் இருந்ததைத் தாமே உட்கொண்டு, ஜெபித்து, பெட்டியை மூடினார். எல்லோரும் வெளியே இறங்கினார்கள். அப்போது அக்கா வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து என் பக்கமாக நீட்டினாள். உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது. கோயில் வாசலில், உபதேசியார் முன்னால், மனஸ்தாபப்பட்டவர்கள் நீட்டுகிற மாதிரி. நான் அந்தக் கையில் தண்ணீர் டம்ளரை வைத்தேன்.

அவளால் பிடிக்க முடியவில்லை. நானே தலையைத் தூக்கிப் புகட்டினேன். அவள் குடித்தாள், மிச்சமில்லாமல், புரையேறாமல் குடித்தாள். பாட்டுப் புத்தகத்தை மறந்து எடுக்க வந்த பெண்ணொருத்தி நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க முழுங்கறாங்க" என்றாள். தண்ணீர் மட்டும் என்றேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாள் அக்கா இறந்தாள். அடக்க ஆராதனையில் போதகர் அவளுடைய எளிமையைப் பற்றி நன்றாகப் பேசினார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில்தான் இடம் கிடைத்தது. விலக்கப்பட்டவருக்கு அதுவே அதிகம் என்று சிலர் நினைத்திருக்கலாம்.

எட்டாம் நாள் இந்தத் தாளைக் கண்டேன். அது கிழிக்கப்பட்ட நாட்காட்டித் தேதி போதகர் வந்த ஞாயிற்றுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை. நான் சொல்வேன் என்று அவள் நம்பியிருக்கிறாள். சொன்ன பிறகு எழுதக் கையில் பலம் இருக்காது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாள்.

இந்த ஆண்டு ஒரு முதல் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை நான் தனியே சாந்தன்பாறைக்குப் போனேன். பூப்பாறை வழியில் மழை. கோயிலுக்குக் கூரை மாற்றியிருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டுடன் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டியவர் இவர்தானா என்று நான் விசாரிக்கவில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாங்குமுன் முறைப்படி கேட்டார்: "யாரோடயும் மனஸ்தாபம் உண்டுமாய்யா?"

உண்டு என்றேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு பெயர்களைப் படித்தார். முகம் தெளிந்தது, வேலை பாதி முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். "அப்ப அவுகளையும் கூட்டிட்டு வாங்கய்யா. ரெண்டு பேருமா நின்னுதான் பேரு குடுக்கணும். ஆராதனை முடியுதவரைக்கும் நான் இங்கனயேதான் இருப்பேன்" என்று சொல்லித் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வெளியே வந்தபோது அவர் சொன்னபடி அங்கேயே இருந்தார். பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.